நமக்கு வராத செய்தி

என் தாத்தாவுக்கு இலங்கை என்றால் பாட்டு. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் ரேடியோதான். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது எல்லாரும் வீட்டு ஆட்கள் மாதிரி. "மெட்ராஸைவிட கொழும்பு தெளிவா கேக்கும்" என்பார். அதே கொழும்பு வானொலி சிங்களத்தில் வேறொரு சேவையை நடத்தியதும், அதைக் கேட்டவர்களுக்கு வேறொரு நாடு தெரிந்ததும் நான் கல்லூரிக்குப் போய் இலங்கை பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது.

இனக்கொலையில் ஊடகம் என்றதும் ருவாண்டாவைச் சொல்வார்கள். 1994-ல் ஆர்.டி.எல்.எம். வானொலி துட்சிகளைக் கரப்பான்பூச்சி என்றது, ஆள் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்தது. இலங்கையில் அவ்வளவு கத்தத் தேவைப்படவில்லை. பல நேரம் சொல்லாமல் விட்டதே போதுமாக இருந்தது.

1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. பார்த்ததை எழுதக்கூடிய பத்திரிகை சாம்பலாகிவிட்டது. தெற்கின் பெரிய பத்திரிகைகளோ வாய் திறக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 1983 ஜூலை 23, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் (நம்ம திருநெல்வேலி இல்லை) புலிகள் வைத்த கண்ணிவெடித் தாக்குதலில் 13 ராணுவத்தினர் செத்தார்கள். அது தலைப்புச் செய்தி. பழிவாங்க ராணுவம் சுட்டுக்கொன்ற ஐம்பது பேர் அளவிலான பொதுமக்கள் அப்போது செய்தியே இல்லை. சிங்கள வாசகர் கையில் பாதிக் கதைதான் இருந்தது. கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 28-ம் தேதி டிவியில் பேசிய ஜனாதிபதி ஜெயவர்த்தன, செத்த தமிழர்களுக்காக ஒரு அனுதாபச் சொல்கூடச் சொல்லவில்லை.

நாம் மட்டும் முழுக்கதை கேட்டோமா என்ன? 1990 அக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அப்துல் ஹமீது குரலை அவ்வளவு நேசித்த என் வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது.

ஃபேஸ்புக் வந்தால் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்றார்கள். 2018 பிப்ரவரி, அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சிங்கள வாடிக்கையாளர் ஒருவர் கறியில் ஏதோ கட்டியைப் பார்த்து, கருத்தடை மாத்திரை போட்டாயா என்று கத்துகிறார். கடைக்காரர் தமிழ் பேசுகிறவர், சிங்களம் அரைகுறை. மாவுக்கட்டியைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, "ஆமா, போட்டோம்" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டார். அது வீடியோவாகச் சிங்களப் பக்கங்களில் பரவியது. அன்றிரவே கடையையும் பள்ளிவாசலையும் அடித்து நொறுக்கினார்கள். அடுத்த வாரம் கண்டிப் பக்கம் திகன. ஃபேஸ்புக் 2020-ல் வருத்தம் தெரிவித்தது. அந்த ஒரு பதிலை மொழிபெயர்க்க அங்கே ஒரு ஆள் இருந்திருந்தால் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பெரிய பத்திரிகையாளர்கூட வேண்டாம், இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பக்கத்துக் கடைக்காரர்.

2023 மார்ச்சில் இது எங்கள் ஊருக்கே வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா போடும் பீகார் பையன் என்னிடம் போனை நீட்டினான். தமிழ்நாட்டில் இந்தி பேசுகிறவர்களை வெட்டுகிறார்கள் என்று வீடியோ. வேறெங்கோ, வேறு காரணத்துக்கு நடந்த கொலைகள். போலி என்று டி.ஜி.பி. சைலேந்திரபாபு அறிவித்ததும், பீகார் அரசே குழு அனுப்பியதும் என் போனில் நாள் முழுக்க ஓடின. அவன் போனில் அது எதுவும் இல்லை. என் போனில் அவனுடைய பயம் இல்லை. ஒரே கல்லாவுக்கு முன்னால்தான் நின்றிருந்தோம்.

அவன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டான். கடை அண்ணன் போனை வாங்கி, "யம்மா, புள்ள நல்லா இருக்கான், நான் பாத்துக்கறேன்" என்றார். அந்தம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, அழுதார்கள். நான் எனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையில் சொல்லிப்பார்த்தேன். வீட்டுக்கு வா என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

ஹோலிக்குப் போறேன் என்று கிளம்பினான். கடையில் இரண்டு மாதம் பரோட்டா இல்லை.