ஏழு பேர் போன வழி

டிசம்பர் 28, ஞாயிறு (மார்கழி 13)

காலை 5.00

தெருவில் எதிர்வீட்டுத் திண்ணை தெரியாத அளவுக்குப் பனி. மார்கழி வந்தால் தெருவில் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான். வெயில் ஏறும்வரை நூல் உலராது. தை முகூர்த்தத்துக்குச் சேலை கேட்டு அவசரப்படுத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இன்று தறிக்கு ஓய்வு. ஜவ்வாது மலைக்கு ஏறி, பீமன் அருவியைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவதாக ஏற்பாடு. நாளை மறுநாள் வைகுண்ட ஏகாதசி. அஷ்டபுஜப் பெருமாள் கோயில் சொர்க்கவாசலுக்குக் கூட்டம் வந்துவிட்டால் ஊருக்குள் வண்டி நகராது, போவதானால் இன்றைக்கே போய் வாங்க என்றாள் அம்மா. அவள் வரவில்லை, மலைக்குளிர் முட்டிக்கு ஆகாதாம். குடலை இட்லி வேகவைத்துக் கொடுத்திருக்கிறாள். சுக்கும் மிளகும் சேர்ந்தது, சாயங்காலம்வரை கெடாது. மச்சான் வண்டி ஓட்டுகிறார். கூட என் மனைவி, தங்கை, பத்தாவது படிக்கும் மகள்.

காலை 5.45, செவிலிமேடு பாலம்

பாலாற்றில் மணலுக்கு நடுவே இரண்டு மூன்று ஓடைகளாகத் தண்ணீர். மகள் தூங்கிவிடக் கூடாதென்று, நாங்கள் போகிற மலையின் கதையைப் பாலத்தில் ஆரம்பித்தேன். வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் பதிவான இக்கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ தொகுதிகளில் எடுத்துத் தந்திருக்கிறார்.

நடந்தது 12ஆம் நூற்றாண்டில் என்கிறது கதை. குப்பம் பக்கத்துக் கங்குந்தியிலிருந்து வேடர்கள் வந்து, எங்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். இவர்கள் இகழ்ந்து அனுப்பினார்கள். கோபத்தில் வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மீட்டு வர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்தோம் என்று வைத்துக் காரியத்தை முடித்துவிடுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் தத்தளித்துக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி ஊர் வந்து சேர்ந்தன.

வேடர்களைக் கொன்று பழிதீர்த்து அவர்கள் ஊர் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. மனைவிமார் கைம்பெண்கள். கருமாதி ஆனவனுக்கு ஊரில் இடமில்லை. சாதிக்குப் புறம்பானவர்கள் வேடர் குலத்துப் பெண்களை மணந்து, ஜவ்வாது மலையேறி, காடு திருத்திப் பயிர்வைத்தார்கள். இன்றைய மலையாளிப் பழங்குடியினரின் முன்னோர் அவர்கள்தான் என்று கதை முடிகிறது.

மகள் கேட்டாள்: “அந்த ஏழு பொண்ணுங்க என்ன ஆனாங்கப்பா?”

கதையில் அது இல்லை. கைம்பெண்ணாக்கப்பட்ட மனைவிமார் என்ன சொன்னார்கள் என்பதும் இல்லை.

காலை 6.50, செய்யாறு

தேநீர் குடிக்க நிறுத்தினோம். ஊருக்குப் பெயர் தந்த ஆறு ஜவ்வாது மலையில் பிறப்பது. படவேடு, ஆரணி வழியாக வரும் கமண்டல நாகநதியும் அதே மலையில் பிறந்து செய்யாற்றில் சேர்கிறது. எல்லாம் கூடி, வாலாஜாபாத் பக்கத்தில் திருமுக்கூடலில் பாலாற்றோடும் நம்மூர் வேகவதியோடும் கலக்கின்றன. பட்டுக்குச் சாயம் பிடிப்பதே பாலாற்றுத் தண்ணீரால்தான் என்று பெருமை பேசுகிற ஊர் எங்களுடையது. மலைத் தண்ணீருக்கு அந்தப் பெருமையில் பங்கு கொடுத்து நான் கேட்டதில்லை.

காலை 8.40, மலைப்பாதை

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சமவெளி முடிந்து காடு தொடங்கியதும் பனி மறுபடி கெட்டியானது. மச்சான் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் ஒலி எழுப்பி ஏறினார். மூங்கில் புதர்கள் சாலை மேல் சாய்ந்து கிடந்தன. இலையில் தேங்கிய பனிநீர் கண்ணாடி மேல் மழைபோலக் கொட்டியது. எதிரே வந்த அரசுப் பேருந்து பத்தடியில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கொஞ்சம் மேலே ஏறினால் பனி நமக்குக் கீழே போய்விடுகிறது. வெயிலில் நின்று திரும்பிப் பார்த்தால் போளூர்ப் பக்கம் முழுக்க வெள்ளை, குன்றுகளின் உச்சி மட்டும் வெளியே.

காலை 10.30, பீமன் அருவி

ஜமுனாமரத்தூர் தாண்டிச் சிறிது தூரம். சித்திரையில் வந்தால் வெறும் பாறைதான் மிஞ்சும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு வர வேண்டும். பாறைப் படிகளில் விழுந்து, ஒதுங்கி, மறுபடி விழுகிறது. குற்றாலம் பார்த்த கண்ணுக்குச் சிறியதுதான். ஆனால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, தள்ளுகிற ஆள் இல்லை. தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. தங்கை முதல் ஆளாகத் தலையை நீட்டிவிட்டு அலறினாள். மச்சான் காலை மட்டும் நனைத்துக்கொண்டு, குளித்தாகிவிட்டது என்று அறிவித்தார். ஈரத்தலையோடு பாறை மேல் உட்கார்ந்து குடலை இட்லி தின்றோம். செல்போனில் யாருக்கும் சிக்னல் இல்லை.

மகளுக்குக் காவலூர் வானாய்வகம் பார்க்க ஆசை. அதுவும் இதே மலைத்தொடரில், 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று 1977-இல் உலகம் அறிந்ததில் அங்கே எடுத்த பதிவுக்கும் பங்கு உண்டு. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் வந்தது. நகர வெளிச்சம் எட்டாத இடம் தேடி வந்த விஞ்ஞானிகளுக்கு இந்த மலை வாய்ப்பான இடம். ஒதுக்குப்புறம் என்று சொல்வதெல்லாம் கீழே இருக்கிற நாங்கள்தான். இன்னொரு முறை கூட்டிவருகிறேன் என்று சமாதானம் சொன்னேன்.

பிற்பகல் 1.30, ஜமுனாமரத்தூர்

சாமையும் தேனும் வாங்க ஒரு வீட்டு வாசலில் நின்றோம். முற்றத்தில் பெரியவர் ஒருவர் புளி உடைத்துக்கொண்டிருந்தார்.

“எந்த ஊரு நீங்க?”

“காஞ்சிபுரம்ங்க ஐயா.”

“அப்ப நம்ம ஊருன்னு சொல்லுங்க” என்றார், சிரிக்காமல். அவருக்கு வேடர் கதையோ நாய்க் கதையோ வரவில்லை. காஞ்சியிலிருந்து வந்தவங்க நாங்க என்று அவர் தாத்தா சொல்வாராம், அவ்வளவுதான். காஞ்சிபுரம் போனதில்லையாம்.

பேச்சு பிழைப்புக்குத் திரும்பியது. சாமையை மட்டும் நம்பி வயிறு கழுவ முடிவதில்லை. பிள்ளைகள் கேரளம், கர்நாடகம் என்று கூலிக்குப் போகிறார்கள். செம்மரம் வெட்ட ஆந்திரக் காட்டுக்குக் கூட்டிப்போன தரகர்களைப் பற்றிச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 பேரில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். பெரியவரின் மனைவி பேச்சை மாற்றினார். புலியூர்ப் பெண் ஸ்ரீபதி, பிரசவமான இரண்டாம் நாள் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதி, 2024-இல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றதை, சொந்த மகள் ஜெயித்ததுபோலச் சொன்னார்.

அவர்கள் பேத்திக்கு மாசியில் கல்யாணம். நான் நெசவு என்று தெரிந்ததும் பட்டு விலை கேட்டார்கள். கோர்வை என்றால் என்ன, உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடை ஓட்டி ஒரே தறியில் எப்படிக் கோர்த்து நெய்கிறோம் என்று விளக்கினேன். முகவரி எழுதிக் கொடுத்து, கடைக்குப் போகாமல் நேரே தறிக்கு வந்துவிடுங்கள் என்றேன்.

இரவு 8.30, வீடு

ஆரணி தாண்டும்போது இருட்டிவிட்டது. தெருமுனையிலேயே அம்மா நின்றிருந்தாள். பகல் முழுக்கப் போன் அடித்தும் கிடைக்கவில்லை என்று மச்சானையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். திட்டி முடித்துச் சுடச்சுட ரசம் ஊற்றினாள்.

நாய் வந்ததும் காரியம் செய்ததைக் குறை சொல்ல முடியாது. சொல்லிவிட்டுப் போனபடிதான் செய்தார்கள். ஆள் உயிரோடு வாசலில் வந்து நின்ற பிறகும், செய்த சடங்கு பொய்யாகிவிடுமே என்று அவனைச் செத்தவனாகவே வைத்துக்கொண்டதுதான் எங்கள் ஊர் செய்த வேலை. கதை உண்மையோ இல்லையோ, சொன்னவர்களுக்கு ஊரை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மாசியில் மலையிலிருந்து சேலை வாங்க வருவார்கள், நம் வீட்டில்தான் சாப்பாடு என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

“வரட்டும். என்ன ஆளுங்கடா அவங்க?”

“காஞ்சிபுரத்து ஆளுங்கதாம்மா.”