பல்லைப் பிடிச்சுப் பாத்த கதை
அப்பாவோட அம்பாசடரை ‘காயலாங்கடைக்குப் போட்டுடுங்க சார்’னு சொல்லிட்டார் ஒரு மெக்கானிக். 2014லயே தயாரிப்பு நின்னுபோன வண்டி. சாவியைத் திருப்பினா சில நாள் ‘கர்ர்ர்’, சில நாள் சத்தமே இல்ல. அப்பா ஒண்ணும் பேசல. எனக்குத்தான் மனசு கேக்கல.

பேட்டரி வயரைக் கழட்டிட்டு, நண்பரோட சேர்ந்து ஸ்டார்ட்டரை இறக்கினேன். கார்பன் பிரஷ் தேஞ்சிருந்தது, மாத்தியாச்சு. அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சு, இன்ஜினைக் கையால சுத்தி ஃப்ளைவீல் பல்லைப் பாத்தோம். எதிரெதிரா ரெண்டே இடத்துலதான் தேய்மானம்! நாலு சிலிண்டர் இன்ஜின், கம்ப்ரஷன் தடுக்கறதால, பெரும்பாலும் அதே ரெண்டு இடத்துலதான் வந்து நிக்கும். பினியன் மோதறதும் அங்கேயேதான்.

கியர்பாக்ஸை இறக்கி, ரிங்கைச் சூடுபண்ணி, கால்வட்டம் திருப்பி மாட்டினோம். இப்ப ஒரே திருப்புதான்.

தானமா வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாது மக்கா. அப்பா வண்டியைத் தாராளமா பாக்கலாம்!