பழையதை என்ன செய்வது?

நமது பங்கு இல்லத்தின் பின்தாழ்வாரத்தில் சலவைப் பொறி ஒன்று இருக்கிறது. நாம் இப்பங்கிற்கு வருமுன்னரே, பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு, வளைகுடா நாட்டில் பணிபுரிந்த இளைஞர் ஒருவர் விடுமுறையில் ஊர் திரும்பியபோது கோயிலுக்கென வாங்கித் தந்தது. அதற்கு முன்பெல்லாம் திருவுடைகளையும் பீடத் துகில்களையும் குருக்களின் அங்கிகளையும் கிணற்றடிக் கல்லில் துவைத்துவந்த அம்மாளுக்கு, விரலிடுக்குகளில் சோப்புக் காரம் பட்டு ஆறாத புண் இருந்ததாம். பொறி வந்த பின்னரே அது ஆறிற்று என்று அவரே கூறக் கேட்டிருக்கிறோம். ஆகவே, பங்கு இல்லத்தில் இது ஓர் ஆடம்பரம் என்று இவ்வூரில் எவரும் முணுமுணுத்ததில்லை.

சென்ற தவக்காலத் தொடக்கத்தில் அது இரையத் தொடங்கிற்று. முதலில் முனகல். பின்னர் உறுமல். நான்காம் வாரத்தில், துணியைப் பிழியும் சுற்று வந்தால், கருங்கல் ஏற்றிய வண்டி மரப்பாலத்தின்மீது ஓடுவதைப் போன்ற பேரோசை. காலைத் திருப்பலிக்குப் பிந்தி வரும் சிலர், அவ்வோசையைக் கேட்டு ஏதோ கட்டட வேலை நடக்கிறதென்று எண்ணினர். "சாமியின் பிரசங்கத்தைவிட மிஷினின் பிரசங்கம் நீளம்" என்று பாடற்குழுப் பிள்ளைகள் சிரித்ததாகவும் நம் செவிக்கு எட்டியது.

நமக்குத் தெரிந்த வைத்தியத்தை முதலில் செய்து பார்த்தோம். பொறியின் நான்கு கால்களும் தரையில் சமமாக ஊன்றாவிட்டால் ஆட்டமும் ஓசையும் எழும். மட்டம் வைத்துப் பார்த்துத் திருகிச் சரிசெய்தோம். நீரை வெளியேற்றும் பம்பின் வடிகட்டியைத் திறந்தோம். இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றும், அங்கிப் பொத்தான்கள் மூன்றும், செபமாலை மணி ஒன்றும் கிடைத்தன. (பொத்தான்கள் நம்முடையவை.) ஓசை குறையவில்லை.

பொறி செய்த நிறுவனத்திற்குத் தொலைபேசியில் சொன்னோம். ஒருவர் வந்தார். பத்து நிமிடம் பார்த்தார். உருளையையும் வெளித்தொட்டியையும் ஒருசேர மாற்றவேண்டும், பதினான்காயிரம் ரூபாய் ஆகும், பழைய மாதிரியாதலால் உதிரிப்பாகம் கிடைப்பதும் உறுதியில்லை, முப்பத்திரண்டாயிரத்துக்குப் புதியதே வாங்கிவிடலாம் என்றார். வந்து பார்த்ததற்கு அறுநூறு ரூபாய் பெற்றுக்கொண்டு சென்றார்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்திய செவ்வாயன்று இரவு, பங்கின் நிதிக்குழுவினர் ஐவர் நமது அலுவல் அறையில் கூடினர். புதியதே வாங்கலாம் என்பது பெரும்பாலோர் கருத்து. நாமும் அப்பக்கமே சாய்ந்திருந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. புனித வாரம் நெருங்கிவிட்டது, துகில்கள் குவிந்துவிட்டன, அன்றியும் புதுப்பொருளின்மீது மனிதனுக்குள்ள ஆசை குருப்பட்டத்தோடு அற்றுப்போவதில்லை. வீசியெறியும் பண்பாட்டைக் கண்டித்துத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா, உமக்கே புகழ்' என்னும் திருமடலைப் பற்றி மூன்று ஞாயிறுகள் விரிவாகப் பேசியவர்களும் நாமே. அன்றிரவு அது நம் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை, பெரிய சாமியின் அறைக்குக் காப்பி கொண்டுசென்ற சமையற்காரர் திரும்பி வந்து, "பெரிய சாமி இரும்புப் பெட்டியை அடுக்கி வைத்திருக்கிறார்கள்" என்றார்.

பெரிய சாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்பத்துமூன்று வயதினர். சிறிய குருமடத்தில் நமக்கு இலக்கணம் கற்பித்தவர். பணி ஓய்வு பெற்ற பின், தாம் முதன்முதல் பங்குத்தந்தையாயிருந்த இவ்வூரில் தங்க விரும்பி, இரண்டாண்டுகளாக நம்முடன் இருந்துவருகிறார். பார்வை மங்கிவிட்டது. இருமல் உண்டு, இரவில் அது நெடுநேரம் ஓயாது.

நாம் உள்ளே சென்றபோது கட்டிலில் அமர்ந்திருந்தார். பெட்டி கயிற்றால் கட்டப்பட்டிருந்தது.

"ஓய்வு இல்லத்தில் இடம் இருக்கிறதாமா, சாமி?" என்று கேட்டார்.

"எந்த இடம்? யார் சொன்னார்கள்?"

"நேற்றிரவு பேசினீர்களே. சுவர் மெல்லியது. சத்தம் தாங்கவில்லை என்றார்கள். இனிச் செலவு செய்வது வீண் என்றார்கள். சொன்னால் வண்டியோடு வந்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்றும் கேட்டது. நான் ஒன்றும் தவறாக எண்ணவில்லை. என் இருமல் எவரையும் உறங்கவிடுவதில்லை என்பது எனக்கே தெரியும்."

நாம் பொறியைப் பற்றிய செய்தியைச் சொன்னோம். பெரிய சாமி சற்று நேரம் விழித்துப் பார்த்துவிட்டு, இருமல் வருமளவும் சிரித்தார். நம்மால் சிரிக்க இயலவில்லை. ஏனெனில், மறைமாவட்ட ஓய்வு இல்லத்தில் இடம் கேட்டு நாம் எழுதிய கடிதம் ஒன்று இரண்டு வாரங்களாக நமது மேசை அறையில் கிடந்தது. மருத்துவ வசதி அங்கு மிகுதி என்று அதில் காரணம் காட்டியிருந்தோம். அக்காரணம் பொய்யன்று. ஆயினும், நமது உறக்கத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. தவறாகச் செவியில் விழுந்த சொற்களைக் கொண்டு அந்த முதியவர் சரியானதையே அறிந்துகொண்டார் என்று தோன்றிற்று.

நிற்க. பெட்டியின் கயிற்றை அவிழ்த்தபின், பக்கத்து ஊரில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் இளைஞரை அழைத்துவரச் சொன்னோம். அவர் வந்ததும் மின்னிணைப்பை நீக்கிவிட்டு, வெற்று உருளையைக் கையால் சுழற்றிக் காதை வைத்துக் கேட்டார். "பேரிங் போயிருக்கிறது, சாமி" என்றார். பொறியின் பின்புறத்தைத் திறந்து, துருநீர் வழிந்த செம்பழுப்புக் கோட்டைக் காட்டினார். உருளையின் தண்டைத் தாங்க இரண்டு பேரிங்குகள் உண்டு. அவற்றுக்கு முன்னால் ஆயில் சீல் என்னும் இரப்பர் வளையம் தண்ணீரைத் தடுத்து நிற்கிறது. அவ்வளையம் தேய்ந்தால் நீர் உட்புகும், பேரிங் துருப்பிடிக்கும், பின் இரைச்சல்தான். சிறு வளையம் ஒன்றின் தேய்வுக்காகப் பொறி முழுவதையும் கழிக்கப் பார்த்தோம்.

ஆனால் எல்லாப் பொறியையும் இவ்வாறு காப்பாற்ற முடியாது என்பதையும் அவர் சொன்னார். சில மாதிரிகளில் வெளித்தொட்டியின் இரு பாதிகளும் பிரிக்கவியலாதபடி ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் தொட்டியையே மாற்றவேண்டும். உருளையைத் தாங்கும் மூன்று கை கொண்ட உலோகச் சட்டம் அரித்து முறிந்திருந்தாலும் செலவு கட்டுப்படியாகாது. கடற்கரைக் காற்றும் உப்புநீரும் அதற்கு எமன். நம்முடைய தொட்டி திருகாணிகளால் பூட்டப்பட்டதாயிருந்தது. சட்டத்தில் ஆங்காங்கே புள்ளியரிப்பு, முறிவு இல்லை. அவருடைய கூலி உட்பட நாலாயிரத்து இருநூறு ரூபாய் ஆயிற்று. இன்னும் நான்கைந்து ஆண்டு உழைக்கும் என்றார். எழுதித் தரமாட்டேன் என்றும் சொன்னார்.

இவ்வகைப் பழுதை நீக்கிக்கொள்வது நுகர்வோரின் உரிமை என்னும் எண்ணம் அரசுகளுக்கும் வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல், சலவைப் பொறிகளின் முக்கிய உதிரிப்பாகங்கள் பத்தாண்டுகளேனும் கிடைக்கச் செய்யவேண்டும் என்று விதி உண்டு. நம் நாட்டிலும் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையத்தளம் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. நிதிக்குழுவில் ஒருவர், "விதி இருக்கட்டும், சாமி, ஆள் வேண்டுமே" என்றார். உண்மைதான். அந்த இளைஞருக்குப் பின் அக்கடையை நடத்த இப்போதைக்கு ஒருவரும் இல்லை.

பெரிய வியாழனுக்கு முந்திய நாள் மாலையில் பொறி மீண்டும் ஓடிற்று. மேசை அறையிலிருந்த கடிதத்தை அன்றிரவே கிழித்தோம். பெரிய சாமிக்கு மருந்து மாற்றிக் கொடுத்ததில் இருமல் சிறிது தணிந்திருக்கிறது, முற்றும் நிற்கவில்லை. நமது கட்டிலை மறுசுவரோரம் நகர்த்திக்கொண்டோம்.

திருக்கிண்ணத்தைத் துடைக்கும் துகில்களையும் திருமேனித் துகில்களையும் முதலில் கையால் அலசி, அந்நீரைத் தூய இடத்தில் மண்ணில் ஊற்றுவது திருச்சபையின் நல்வழக்கம். அதன் பின்னரே மற்றத் துணிபோல் வெளுக்கலாம். இவ்வீட்டில் அம்முதல் அலசலைச் செய்பவர் பெரிய சாமியே. சனிக்கிழமைதோறும் தாழ்வாரத்தில் முக்காலி போட்டு அமர்ந்து, நடுங்கும் விரல்களால் ஒவ்வொன்றாக அலசி, நீரை மாதுளைச் செடியின் அடியில் ஊற்றுகிறார். பிறகு அந்த அம்மாள் அவற்றை வாங்கிப் பொறியில் இடுகிறார்.

சென்ற சனிக்கிழமை பெரிய சாமி நம்மை அழைத்துக் குறைபட்டுக்கொண்டார். முன்பெல்லாம் இரைச்சலைக் கேட்டே துணி எந்தச் சுற்றில் இருக்கிறதென்று தெரிந்துகொள்வாராம். இப்போது ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பதே தெரியவில்லையாம்.