கூப்பர்ஸ்டவுனில் கிடைத்த கையெழுத்து

பெரியோரின் கையெழுத்துகளைச் சேகரிப்பது ஆறாம் வகுப்பிலிருந்தே எங்கள் இருவருக்கும் உள்ள பழக்கம். இருவர் என்றால் இரட்டைப் பிள்ளைகளாகிய நாங்கள்தாம். ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் மேடையை விட்டு இறங்குமுன் நோட்டை நீட்டுபவர்கள் யார் என்று கேட்டால், நம் அருட்சகோதரிகள் அனைவரும் எங்களையே சுட்டிக் காட்டுவார்கள். அந்தச் சிவப்பு அட்டை நோட்டு கடல் கடந்து போன கதையைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம்.

2023-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், அமெரிக்காவில் வாழும் எங்கள் தாய்மாமா எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்திருந்தது. புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு அப்பா எங்களை அருகில் அழைத்து, "நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் ஒன்று. வந்ததும் பத்தாம் வகுப்பு. இனி எறிபந்து அணி, போட்டி, பயிற்சி என்பதெல்லாம் வேண்டாம். படிப்பு மட்டுந்தான்" என்றார். நாங்கள் மூன்றாண்டுகளாகப் பள்ளி அணியில் ஆடியவர்கள். ஆயினும் "சரி அப்பா" என்றோம். அக்காமார் எல்லாரும் அப்படித்தானே பத்தாம் வகுப்பில் விலகினார்கள் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். அம்மா பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்; ஒன்றும் சொல்லவில்லை.

மாமாவின் வீடு நியூயார்க் மாநிலத்தின் தலைநகராகிய ஆல்பனியில் உள்ளது. மாமா மகனுக்கு வயது பத்து. உண்பதும் உறங்குவதும் தவிர மற்ற நேரமெல்லாம் அவனுக்கு பேஸ்பால்தான். மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, போரில் உயிர்நீத்த வீரர்களை நினைவுகூரும் விடுமுறை நாள். அதையொட்டி வந்த சனிக்கிழமை அவன் வற்புறுத்தலுக்கு இணங்கி மாமா எங்கள் எல்லாரையும் காரில் ஏற்றிக்கொண்டு கூப்பர்ஸ்டவுனுக்குப் புறப்பட்டார். ஒன்றரை மணி நேரப் பயணம். இருமருங்கிலும் பச்சைக் குன்றுகள், பால் பண்ணைகள், சிவப்பு வண்ணக் களஞ்சியங்கள் என்று கண்ணுக்கு விருந்தாக அமைந்தது அது.

கூப்பர்ஸ்டவுன் மிகச் சிறிய ஊர். அங்கே நிலையாக வாழ்பவர்கள் 2,000 பேர்கூட இல்லை. ஒட்சீகோ என்னும் ஏரியின் தென்கரையில் அமைந்துள்ளது. சஸ்குவஹானா நதி அந்த ஏரியில்தான் பிறக்கிறது. இந்தச் சிற்றூருக்கு ஆண்டுதோறும் மக்கள் திரண்டு வரக் காரணம், 1939-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் இங்கே திறக்கப்பட்ட பேஸ்பால் புகழ் மண்டபம். 1839-ல் டபுள்டே என்பவர் இவ்வூரில்தான் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று முன்பு நம்பினார்களாம். அது வெறும் கதை என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னாளில் நிறுவிவிட்டனர். ஆனாலும் அவர் பெயரைத் தாங்கிய மைதானம் ஊர் நடுவே கம்பீரமாக நிற்கிறது. ஓய்வு பெற்ற பழம்பெரும் வீரர்கள் கூடி ஆடும் காட்சிப் போட்டி ஒன்று அந்த வாரக் கடைசியில் அங்கே நடந்தது.

பேஸ்பால் அறியாத தோழியருக்காக இரண்டொரு வரி. அணிக்கு ஒன்பது பேர். ஒருவர் பந்து வீச, எதிரணியினர் உருண்டையான மட்டையால் அடிக்கிறார். அடித்தவர் மூன்று தளங்களையும் தொட்டு ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். பந்து எட்ட முடியாதபடி வேலிக்கு அப்பால் பறந்துவிட்டால் அது 'ஹோம் ரன்'. பேப் ரூத் என்பவர் 714 ஹோம் ரன்கள் அடித்திருந்தார். 1974 ஏப்ரல் 8-ஆம் நாள் ஹாங்க் ஆரன் அதைக் கடந்தார். அவர் ஓய்வு பெற்றபோது கணக்கு 755. இதையெல்லாம் மாமா மகன் காரிலேயே எங்களுக்குப் பாடமாக நடத்தி, கேள்வியும் கேட்டான். அருட்சகோதரியின் சரித்திர வகுப்பு தோற்றது போங்கள்!

ஊரின் பெரிய வீதியில் கடைக்குக் கடை மட்டைகள், தொப்பிகள், பந்துகள்! சில கடைகளின் வாசலில் மேசை போட்டு, ஓய்வு பெற்ற வீரர்கள் அமர்ந்திருந்தனர். கட்டணம் செலுத்தினால் கையெழுத்துக் கிடைக்கும். கட்டணத்தைக் கேட்ட மாமா, "மைதானத்து வேலியோரம் முயன்று பாருங்கள், அங்கே இலவசம்" என்று மெல்லச் சொன்னார். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு பந்து மட்டும் வாங்கிக்கொண்டோம். பந்தில் கையெழுத்து வாங்குவதிலும் ஒரு முறை உண்டு என்பதை அன்றுதான் அறிந்தோம். தையல்கள் ஒன்றையொன்று நெருங்கி வரும் இடத்தில் உள்ள வெற்றுத் தோல்தான் சிறந்த இடம். பட்டைப் பேனாவின் மை தோலில் பரவிவிடும்; நீல நிறப் பந்துமுனைப் பேனாவே நல்லது.

டபுள்டே மைதானத்தில் ஆட்டம் தொடங்குமுன் வேலியோரம் சிறுவர் சிறுமியர் கூட்டம் அலைமோதியது. நரைத்த தலையும் சற்றுப் பருத்த உடலுமாக வந்த வீரர்கள் ஒவ்வொருவராக நின்று, நீட்டியவற்றில் எல்லாம் சலிக்காமல் கையெழுத்திட்டனர். நாங்களும் முண்டியடித்து நோட்டை நீட்டினோம். ஒருவர் எங்களைப் பார்த்து, "எந்த நாடு?" என்று கேட்டார். "இந்தியா" என்றோம். "அங்கே கிரிக்கெட் அல்லவா?" என்று சிரித்தபடி கையெழுத்திட்டு, "நான் எந்த இடத்தில் ஆடினேன், தெரியுமா?" என்றார். எங்களுக்கு அவர் பெயரே தெரியாது! விழித்தோம். அவர் கோபிக்கவில்லை, தோளைத் தட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் நகர்ந்துவிட்டார். எங்களுக்கோ முகம் சுருங்கிவிட்டது.

மாலைக்குள் நோட்டில் பதினொரு கையெழுத்துகள் சேர்ந்தன. ஒன்றைக்கூட எங்களால் வாசிக்க முடியவில்லை. மாமா மகன்தான் ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் பெயர் எழுதிக் கொடுத்தான். யார் என்று அறியாமலே வாங்கிய கையெழுத்துகள்! அன்றிரவு விடுதியில் நோட்டைப் புரட்டியபோது, வீட்டுப் பாடத்தைப் பார்த்து எழுதிய நாளின் குறுகுறுப்பு எங்களுக்கு உண்டாயிற்று.

மறுநாள் ஞாயிறு. திருப்பலி கண்டபின் புகழ் மண்டபத்துக்குச் சென்றோம். உயர்ந்த கூடத்தின் சுவர்களில், தேர்வு பெற்றோரின் உருவம் பொறித்த வெண்கலத் தகடுகள் வரிசை வரிசையாக ஒளிர்ந்தன. 1936-ல் முதன்முதல் தேர்வு பெற்ற ஐவரில் தொடங்கி 300-க்கும் மேற்பட்டோர். 1947-ல் நிறவெறித் தடையை உடைத்து முதன்மை லீக்கில் ஆடிய கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனின் தகட்டின் முன் மாமா நெடுநேரம் நின்றார். நாங்களோ பெண்களின் தகடுகளைத் தேடினோம். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எஃபா மான்லி, 2006-ல் தேர்வு பெற்றவர். அவரும் ஆட்டக்காரர் அல்லர். கறுப்பின வீரர்களின் அணி ஒன்றை நடத்திய உரிமையாளர்.

மாடியில் பெண்களின் பேஸ்பாலுக்கென்று ஒரு காட்சிப் பகுதி இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு வீரர்கள் சென்றுவிட, 1943-ல் பெண்களுக்கென ஒரு தொழில்முறை லீக் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் சூயிங்கம் தொழிலதிபர் ரிக்லி. முதலில் நான்கு அணிகள். 1954 வரை நடந்த அந்த லீக்கில் 600-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆடியிருக்கிறார்கள். தொடக்கத்தில் பெரிய பந்தைக் கீழ்க்கையாக வீசினர். போகப் போகப் பந்து சிறுத்து, 1948 முதல் மேற்கையாகவே வீசினர். ஆனால் ஆடை மட்டும் முழங்காலுக்கு மேலே நிற்கும் பாவாடை! சறுக்கி விழுந்து தளத்தைத் தொடும்போது தொடைத் தோல் உரிந்துவிடுமாம். முதல் ஆண்டுகளில் நடை, உடை, ஒப்பனைக்குத் தனி வகுப்புகளும் உண்டு. அவ்வளவுக்கும் கறுப்பினப் பெண்களை அந்த லீக் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுள் ஒருவராகிய மேமி ஜான்சன் 1953 முதல் ஆண்கள் அணியிலேயே பந்து வீசினார்.

அங்கே ஒரு கண்ணாடிப் பேழையின் முன், சக்கர நாற்காலியில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். நாற்காலியைப் பிடித்து நின்ற இளம்பெண், பேழைக்குள் இருந்த பாவாடைச் சீருடையை நாங்கள் உற்றுப் பார்ப்பதைக் கண்டு, "என் பாட்டி இதை உடுத்தி ஆடியவர்" என்றார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றிலும் எத்தனையோ பேர் நடந்து போனார்கள். ஒருவரும் நிற்கவில்லை. வேலியோரம் முண்டியடித்த கூட்டத்தில் ஒரு பங்குகூட இங்கே இல்லை.

இம்முறை நாங்கள் அவசரப்படவில்லை. முதலில் கேட்டோம், பிறகுதான் நோட்டைத் திறந்தோம். 1951-ல், பதினெட்டு வயதில், வீட்டை விட்டு ரயிலேறிப் போய் அணியில் சேர்ந்தாராம். இரண்டாம் தளத்தில் நின்று ஆடினாராம். லீக் நின்றதும் ஊர் திரும்பி, ஓர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் தட்டச்சு செய்தாராம். "உடன் வேலை பார்த்தவர்களிடம் சொன்னீர்களா?" என்று கேட்டோம். "யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை" என்றார். 1988-ல் இந்த மண்டபம் பெண்களுக்கென முதன்முதல் ஒரு காட்சியைத் திறந்தபோதுதான், பாட்டி பேஸ்பால் ஆடியவர் என்பது அவர் பிள்ளைகளுக்கே முழுதாகத் தெரிந்ததாம்.

பிறகு அவர் எங்களைக் கேட்டார்: "நீங்கள் ஏதாவது விளையாடுவீர்களா?"

"எறிபந்து விளையாடினோம்" என்றோம். அவர் எங்களை ஏறிட்டுப் பார்த்தார். "இப்போது பதினைந்து வயதுதானே? அதற்குள் ஏன் 'விளையாடினோம்' என்கிறீர்கள்?"

எங்களிடம் விடை இல்லை. அவரும் வற்புறுத்தவில்லை. பையிலிருந்த பந்தை வாங்கினார். பேனாவைப் பிடித்தபோது அவர் விரல்கள் நடுங்கின. பெயரை எழுதி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. பெயருக்கு அடியில் 1951–1954 என்று எழுதினார். எழுதி முடித்தபின், இரண்டு விரல்களைத் தையலின் குறுக்கே வைத்துப் பந்தை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். என்ன ஆச்சரியம்! பேனாவைப் பிடித்து நடுங்கிய அந்தக் கை பந்தைப் பிடித்தபோது நடுங்கவே இல்லை.

ஜூன் முதல் வாரம் ஊர் திரும்பினோம். சிவப்பு நோட்டை எல்லாரும் பார்த்தார்கள். பந்தை அம்மா மட்டுமே நெடுநேரம் கையில் வைத்திருந்தார். "இது யார்?" என்று கேட்டார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னோம். "யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை" என்ற இடம் வந்ததும் அம்மா எழுந்து உள்ளே போனார். பீரோவின் அடித்தட்டில், பட்டுப் புடவைகளுக்குக் கீழே இருந்து பழுப்பேறிய ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். மாவட்ட அளவிலான தொடர் ஓட்டம், இரண்டாம் இடம், 1994. நம் பள்ளியின் பெயரும் அம்மாவின் பெயரும் அதில் இருந்தன.

அம்மா நம் பள்ளியின் பழைய மாணவி என்பது எங்களுக்குத் தெரியும். அவர் ஓடியவர் என்பது தெரியாது. "பத்தாம் வகுப்பு வந்ததும் போதும் என்று தாத்தா சொன்னார். சரி என்றேன். உங்களைப் போலத்தான்" என்றார்.

அன்றிரவு அம்மாவும் அப்பாவும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தது எங்கள் அறைக்குக் கேட்டது. காலையில் அப்பா காபி குடித்தபடி, "சனிக்கிழமை மட்டும் பயிற்சி. மதிப்பெண் குறைந்தால் அதுவும் இல்லை" என்றார். எங்களுக்கு அதுவே பெரிது. காலாண்டுத் தேர்வில் எங்களில் ஒருத்திக்குக் கணக்கில் ஒன்பது மதிப்பெண் குறைந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அப்பா முகம் கறுத்தார். அடுத்த தேர்வுக்குள் காலை நான்கரை மணிக்கு எழுந்து அதைச் சரிக்கட்டினோம். வட்டாரப் போட்டியில் நம் அணி அரையிறுதியில் தோற்றது. அன்று மைதானத்தின் ஓரத்தில், அலுவலகத்திலிருந்து பாதி நாள் விடுப்பெடுத்து வந்து நின்றவர் அப்பாதான்.

எங்கள் சிவப்பு நோட்டில் இப்போது பன்னிரண்டு புதிய கையெழுத்துகள் உள்ளன. பதினொன்று கூப்பர்ஸ்டவுனில் வாங்கியவை. பன்னிரண்டாவதை வாங்க நாங்கள் எந்த வேலியோரமும் முண்டியடிக்கவில்லை. எங்கள் வீட்டில் மதிப்பெண் அட்டையில் அப்பாதான் கையெழுத்திடுவார்; ஆகவே அம்மாவின் கையெழுத்து எப்படி இருக்கும் என்பதே எங்களுக்குத் தெரியாது. நோட்டை நீட்டியபோது அம்மா வெட்கப்பட்டு, "போங்கடி, நான் என்ன பெரிய ஆளா?" என்றார். பிறகு புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, நிதானமாக எழுதினார். பெயருக்கு அடியில் 1994 என்று எழுதுமாறு நாங்கள்தாம் கேட்டுக்கொண்டோம்.

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டுப் பீரோவின் அடித்தட்டிலும் ஏதேனும் ஒரு காகிதம் இருக்கக்கூடும். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் கேட்டுப் பாருங்கள்.