மாக்கல் கணப்பு

பின்லாந்து, வட கரேலியா. யூகா என்னும் ஊர். ஜனவரி மாதம். சன்னலுக்கு வெளியே மாட்டிய வெப்பமானி −24 காட்டுகிறது. பீலினென் ஏரி உறைந்து கிடக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் மங்குகிறது.

வீட்டின் நடுவில் கணப்பு. ஆளுயரத்துக்கும் மேலே சாம்பல் நிறக் கல். எடை ஒன்றரை டன். கூடத்துக்கு ஒரு முகம், சமையலறைக்கு ஒரு முகம், படுக்கையறைக்கு முதுகு.

கல், மாக்கல். ஊர் எல்லைக்குள்ளேயே, நுன்னன்லஹ்தியில் வெட்டியது. விரல் வைத்தால் வழுக்குகிறது. நகம் பட்டால் கீறல் விழுகிறது. சேலத்துக் கல்சட்டியும் இந்தக் கல் இனம்தான். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் அதில் குழம்பு கொதிக்கும்.

பாட்டி விறகுக் கூடையோடு வருகிறார். பிர்ச் விறகு. வசந்தத்தில் பிளந்து, கோடை முழுதும் காயவைத்தது. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுகிறார். கணீரென்கிறது. இன்னொன்று மந்தமாக ஒலிக்கிறது. அதைக் கூடைக்கு வெளியே வைக்கிறார்.

புகைபோக்கித் தகட்டை இழுத்துத் திறக்கிறார். பெரிய கட்டைகள் கீழே. சிராய்கள் மேலே. பிர்ச் பட்டைச் சுருள் உச்சியில். ஒரு தீக்குச்சி. தீ மேலிருந்து கீழே இறங்குகிறது.

கண்ணாடிக் கதவைச் சாத்துகிறார். காற்றுத் துவாரம் முழுக்கத் திறந்தே இருக்கிறது. இங்கே தீயை அமுக்கி வைப்பதில்லை. அமுங்கிய தீ கரியும் தாருமாகப் புகைபோக்கியில் ஒட்டும். உள்ளே வெப்பம் 800 டிகிரியைத் தாண்டுகிறது. சூடான புகை மேலறைக்கு ஏறுகிறது. அங்கே திரும்பி, இரு பக்க வழிகளிலும் கீழே இறங்குகிறது. இறங்க இறங்கச் சூட்டைக் கல்லிடம் விடுகிறது. அடியில்தான் புகைபோக்கியின் வாய். கூரைமேல் வெண்மையாக ஆவி. கரும்புகை இல்லை.

பேரன் வெளிக்கல்லில் கை வைக்கிறான். சில்லென்றிருக்கிறது. உடனே எடுத்துக்கொள்கிறான்.

இரண்டாம் அடுக்கு. மூன்றாம் அடுக்கு. மொத்தம் 15 கிலோ. நூறு கிலோ கல்லுக்கு ஒரு கிலோ விறகு. கூடையில் மிஞ்சியது கூடையிலேயே இருக்கிறது.

இரண்டு மணி நேரத்தில் தீ அடங்குகிறது. தணல். தணலின் மேல் நீலச் சுவாலை.

தகட்டை மூடினால் சூடு உள்ளே நிற்கும். மூடாத ஒவ்வொரு நிமிடமும் சூடு கூரை வழியே போகிறது. பாட்டி மூடவில்லை. கம்பியால் தணலைக் கிளறுகிறார். நீலம் எழுகிறது. நாற்காலிக்குத் திரும்புகிறார். கம்பளிக் காலுறையில் ஒரு வரிசை பின்னுகிறார். எழுகிறார். கதவு. கம்பி. நீலம். நாற்காலி. இன்னொரு வரிசை.

பேரன் தகட்டின் கைப்பிடியைத் தொடுகிறான். வேண்டாமெனப் பாட்டி தலையசைக்கிறார். கை இறங்குகிறது. நீலம் இருக்கும்வரை கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. விட்டத்தில் அதற்கென ஒரு கருவி. பச்சைப் பொட்டு விளக்கு எரிகிறது. பாட்டி அதைப் பார்க்கவில்லை. தணலைப் பார்க்கிறார்.

கம்பி. சிவப்பு மட்டும். மறுபடி கம்பி. சிவப்பு மட்டும். சிவப்பும் அணைகிறது. அதன்பிறகே தகடு மூடுகிறது.

கணப்பின் மேலேயுள்ள சூளையறைக்குள் மண்சட்டி போகிறது. மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, வெங்காயம், மிளகு, உப்பு, தண்ணீர்.

கண்ணாடிக்குள் இருட்டு. இப்போதுதான் வெளிக்கல் சூடேறுகிறது. செங்கல்லைவிட வேகமாகச் சூட்டைக் கடத்தும் கல். ஆனாலும் ஒன்றரை டன். சூடு மெதுவாகவே முகத்துக்கு வருகிறது. பேரன் நாற்காலியைக் கல்லருகே இழுக்கிறான். சிறிது நேரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றுகிறான். அதன்பின் நாற்காலியைத் தள்ளிப் போடுகிறான்.

காலை. வெப்பமானியில் −29. சட்டியைத் திறக்கிறார்கள். கரண்டி பட்டதும் இறைச்சி பிரிகிறது. பேரன் கல்லில் முதுகைச் சாய்த்துக் காலுறை மாட்டுகிறான்.

பாட்டி கூடத்து முகத்தில் கை வைக்கிறார். பிறகு சமையலறை முகத்தில். பிறகு முதுகுப் பக்கம். அங்கே கை நெடுநேரம் நிற்கிறது. சன்னலுக்குப் போய் வெப்பமானியை மறுபடி பார்க்கிறார்.

“இன்னைக்கு ரெண்டு தரம் மூட்டணும்.”

பேரன் கொட்டகைச் சாவியை எடுக்கிறான்.