சட்டம் படிக்க ஸ்கொலஷிப்: கேட்பது பிச்சை இல்லை



ஏ.எல். ரிசல்ட் வந்தால் நம்ம இரத்மலானைப் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து கேட்பது இதுதான்: "டீச்சர், லோ படிக்க ஆசை. காசுக்கு என்ன செய்ய?" எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இசட் ஸ்கோர் போதுமென்றால் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. தகுதியிருந்தால் மகாபொல கிடைக்கும், இல்லாவிட்டால் வருமானத்தைப் பார்த்து பேர்சரி. மாதம் 5,000 ரூபாயாக இருந்த மகாபொலவை 2025 பட்ஜெட்டில் 7,500 ஆக்கினார்கள்.

கொஞ்சத்தில் தவறிய பிள்ளைக்குத்தான் கஷ்டம். அதற்கும் வழி இருக்கிறது. புதுக்கடை சட்டக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை எழுதலாம். வேலை செய்துகொண்டே நாவலை திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். நம்ம ஊரிலேயே கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சட்ட பீடம் உண்டு, ஆனால் வெளி மாணவர்கள் காசு கட்ட வேண்டும். மற்றது, வெளிநாட்டுப் பட்டத்துக்குப் படிப்பிக்கும் தனியார் நிறுவனங்கள்.

போன வருடம் ஒரு பிள்ளைக்கு அப்படியொரு நிறுவனம் 25 வீத ஸ்கொலஷிப் என்றது. ஒரு கிழமைக்குள் முற்பணம் கட்டவும் சொன்னது. வாப்பா த்ரீவீல் ஓடுபவர். உம்மா வளையலை வட்டிக்கு அடகு வைக்கத் தயாராகிவிட்டார்.

கட்டண விபரத்தை எடுத்து உட்கார்ந்து பார்த்தோம். அந்த 25 வீதம் இங்குள்ள வகுப்புக் கட்டணத்துக்கு மட்டும். பவுண்ஸில் கட்டும் பதிவுக்கும் பரீட்சைக்கும் ஒரு சதம் குறையாது. இரண்டாம் வருடம் கிடைக்குமா என்பதும் எழுத்தில் இல்லை.

ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். ரிசல்ட் ஷீட், கிராம சேவகர் தந்த வருமானச் சான்று, இன்னொரு நிறுவனம் சொன்ன கட்டணம், வீட்டால் மாதம் எவ்வளவு முடியும் என்ற கணக்கு, எல்லாம் வைத்தோம். மூன்றைக் கேட்டோம்: வீதத்தைக் கூட்டுங்கள், மூன்று வருடத்துக்கும் எழுத்தில் தாருங்கள், மாதத் தவணையாக்குங்கள். முதலாவது கிடைக்கவில்லை. மற்ற இரண்டும் கிடைத்தன. வளையல் வீட்டிலேயே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆகவே பெற்றோரே, வீதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எதில் கழிக்கிறார்கள், எத்தனை வருடத்துக்கு, எந்தப் பெறுபேற்றுக்குக் குறைந்தால் நிறுத்துவார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கும் வரை முற்பணம் கட்டாதீர்கள். அரசின் வட்டியில்லா மாணவர் கடனையும் விசாரியுங்கள். அந்த வருடப் பட்டியலில் உங்கள் பாடநெறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. 1945இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியது, காசில்லாமல் படிப்பு நிற்கக் கூடாது என்றுதான். தையல் மெஷினுக்கும் கூரைத் தகட்டுக்கும் ஸகாத் கொடுக்கிறோம், நல்லது. தகுதியுள்ள ஒரு பிள்ளையின் பரீட்சைக் கட்டணத்தையும் அந்தப் பட்டியலில் சேர்ப்போம். கல்கிசைக் கோர்ட்டில் நம்ம பாஷையில் விளக்கம் சொல்ல ஆள் தேடி அலைவது நாம்தானே.

கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் மஃரிபுக்குப் பிறகு இன்பொக்ஸில் வாருங்கள். ரிசல்ட் ஷீட்டோடு கட்டண விபரத்தையும் அனுப்புங்கள்.