முதல் துப்பாக்கிக்கு முன் முதற்பாடம்



மருங்காபுரி, துவரங்குறிச்சிப் பக்கத்தில் மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடும்பத் தலைவர்கள் நம்மிடம் வந்து அமர்ந்தால், பேச்சு மழையில் தொடங்கிக் காட்டுப் பன்றியில் முடிவது வழக்கம். கடன்பட்டு விதைத்த நிலக்கடலையைப் பன்றிக் கூட்டம் ஓரிரவில் கிளறிவிட்டுப் போகிறது. எஞ்சியதை மயில் கொத்துகிறது. "சாமி, ஒரு நாட்டுத் துப்பாக்கிக்கு மனுப் போட்டால் என்ன?" என்று அவர்களுள் சிலர் கேட்கின்றனர். வயிற்றோடு சம்பந்தப்பட்ட கேள்வியை வெறும் உபதேசத்தால் தள்ளிவிடலாகாது. ஆகவே, இக்கருவியை முதன்முதலாகக் கையிலெடுக்க எண்ணுவோர் அறிய வேண்டியவற்றை இங்கே எடுத்துரைக்கிறோம்.

இம்மண்ணுக்குத் துப்பாக்கி புதியதன்று. மருங்காபுரி முன்னாளில் ஒரு பாளையம். மருது சகோதரரின் அறைகூவல் 1801 ஜூனில் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அவ்வெழுச்சியை அடக்கிய கும்பெனியார், அதே ஆண்டு டிசம்பரில் தென்னாட்டுப் பாளையங்களில் ஆயுதம் தாங்குவதையே தடை செய்தனர். பின்னர் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. குடகர் போன்ற சிலருக்கு விலக்களித்து, மற்ற இந்தியர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதை அது குற்றமாக்கிற்று.

இன்று நடைமுறையிலிருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதன் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைக் கோரும் குடிமகனைத் தனியே குறிப்பிடுகிறது. அதாவது, உழவனுக்குரிய துப்பாக்கி இதுவே என்று சட்டமே கருதியிருக்கிறது. ஆயினும் நிபந்தனைகள் உண்டு. மனுதாரர் 21 வயது நிறைந்தவராயிருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரிடம் மனுச் செய்ய வேண்டும். காவல்துறை விசாரணை நடைபெறும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் பெற வேண்டும். கொல்லுப்பட்டறையில் இரகசியமாகச் செய்வித்து வாங்கிக் கொள்ளலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 2 முதல் 5 ஆண்டுச் சிறை. அதைச் செய்து விற்பவருக்கு 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. அது ஆயுள் வரையும் நீளலாம்.

இனிக் கருவியைப் பற்றிச் சொல்வோம். உட்புறம் வழுவழுப்பாயிருக்கும் குழல் ஒருவகை. திருகுவரி வெட்டப்பட்ட ரைபிள் மற்றொரு வகை. 1857-இல் கொழுப்புத் தடவிய தோட்டாவால் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்த என்பீல்டு துப்பாக்கி, வாய்வழிக் கெட்டிக்கும் ரைபிளே. இரண்டுக்கும் உணவு கருமருந்துதான்: வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. தற்காலத் தோட்டாக்களிலுள்ள புகையில்லா மருந்தை இதில் இட்டால் குழல் வெடித்துச் சுடுபவரையே மாய்த்துவிடும்.

கெட்டிக்கும் வரிசை மாறலாகாது. முதலில் மருந்து. அதையும் கொம்பிலிருந்து நேரே ஊற்றாமல், தனி அளவையில் அளந்தே ஊற்ற வேண்டும். முந்திய வேட்டின் கங்கு குழலுக்குள் ஒளிந்திருந்தால், கையிலுள்ள கொம்பு முழுவதும் வெடித்துவிடும் அல்லவா? அடுத்துத் துணி அல்லது அடைப்பு, பிறகு குண்டு. குண்டு மருந்தின்மேல் நன்றாகப் படியும்வரை கோலால் அழுத்த வேண்டும். இடையில் வெற்றிடம் இருந்தால் குழல் பிளக்கக்கூடும். வெடிகேப்பைப் பொருத்துவது எல்லாவற்றுக்கும் கடைசியில். இவ்வளவு நேரமும் குழலின் வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ வைக்கலாகாது. விசையை இழுத்தும் வெடிக்கவில்லையெனில், வாயை ஆளில்லாத திசையில் நீட்டியபடியே ஒரு நிமிடமேனும் பொறுத்திருக்க வேண்டும், தாமதித்து வெடிப்பதுண்டு. மருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னுமாதலால், அன்றன்றே வெந்நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும்.

வெறுங்குழலில் கோலை விட்டு, வாயளவில் ஓர் அடையாளம் கீறி வைப்பது நன்று. பிறகு எப்போது கோலை விட்டாலும், அடையாளம் மேலே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். இஃது அற்பக் காரியமன்று. 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கியெடுத்த 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பாலானவை கெட்டித்தபடியே கிடந்தனவாம். அவற்றுள் பல, ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறையோ பலமுறையோ கெட்டிக்கப்பட்டவை. பயிற்சி பெற்ற வீரரே பதற்றத்தில் இப்படி மறந்தால், நள்ளிரவில் கொதிக்கும் மனத்தோடு வரப்பில் நிற்கும் உழவர் எம்மாத்திரம்?

வெடிகேப்புக்கு வழிகோலியவர் யார் தெரியுமா? ஸ்காட்லாந்தில் ஒரு கிராமச் சபையின் குருவான அலெக்ஸாண்டர் போர்சைத் என்பவர். அக்காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் வெளியே பளிச்சென்று நெருப்பு மின்னும். குண்டு சற்றுப் பின்னரே புறப்படும். அந்த மின்னலைக் கண்டு பறவைகள் தப்பிவிட்டன. அதைப் பொறாத குரு, அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு புது விசையமைத்து 1807-இல் காப்புரிமை பெற்றார். அவர் வழியே பிறந்ததுதான் வெடிகேப்பு. பறவைக்கு இருந்த அந்த ஒரு கண அவகாசமும் அவ்வாறு பறிபோயிற்று.

எனினும் இக்கருவியில் ஓர் அவகாசம் இன்னும் மிஞ்சியிருக்கிறது. அது சுடுபவருக்கு உரியது. ஒரு வேட்டுக்கும் மறு வேட்டுக்கும் இடையே மருந்தளந்து, துணி வைத்து, கோல் குத்திக் கேப்பு மாட்டும் நேரம்! பழுது என்று பலர் எண்ணும் இத்தாமதமே இதன் தலைசிறந்த குணம் என்போம். சினம் ஆறுவதற்கும், இருளில் அசைவது பன்றியா, தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்து வயற்காரரா என்று உற்று நோக்குவதற்கும் அது இடந்தருகிறது. ஆனால் முதல் வேட்டுக்கு முன் அந்த அவகாசத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். விலங்கென்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், அந்த ஒரு நொடியை எண்ணி நம் நெஞ்சு பதறுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துப்பாக்கி உரிமம் என்பது கொல்லும் உரிமமன்று. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பயிரை அழிக்கும் விலங்கானாலும் அதிகாரம் பெற்ற வன அலுவலரின் எழுத்து மூலமான அனுமதியின்றிச் சுடலாகாது. மயிலோ அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற தேசியப் பறவை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடுவதும் வனத்துறையினரின் பணியே. ஆகவே, பயிர் அழிந்தால் உடனே வனத்துறைக்கு எழுதி, இழப்பீடு கோருவதே முதல் வேலை. குண்டின்றி மருந்தை மட்டும் வெடித்து விரட்டுவோரும், அடைப்புத் துணி கனன்றபடி காய்ந்த சருகில் விழும் என்பதை மறக்கலாகாது.

இவ்வளவும் அறிந்த பின்னும் வாங்கத்தான் வேண்டுமென்றால், நான்கு கேள்விகளை மனைவி மக்களோடு அமர்ந்து கேட்டுப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகளின் கைக்கெட்டாமல் பூட்டி வைக்க இடமுண்டா? மருந்தை அடுப்படிக்குத் தொலைவில் வைக்க வசதியுண்டா? குடிப்பழக்கம் உள்ளவர் வீட்டில் உண்டா? பங்காளியோடு தீராத வரப்புச் சண்டை உண்டா? கடைசி இரண்டில் ஒன்றுக்கேனும் "ஆம்" என்று விடை வருமானால், அவ்வீட்டுக்குத் துப்பாக்கி வேண்டாம். கடலை போனால் அடுத்த ஆடியில் மீண்டும் விதைக்கலாம்.